அரசன் வெட்டிய குளமும் பெரியப்பா வெடித்த வெடியும்

எட்டாம் வகுப்புத் தமிழ் டீச்சர் என்னை இலக்கணத்தின் எதிரி என்றே முடிவு கட்டியிருந்தார். விருதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறி, ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்து போகிறவர். சர்ச்சில் பாட்டுப் பாடிப் பழகிய குரல் என்பதால் எங்களைத் திட்டினாலும் ராகமாகத்தான் இருக்கும். அன்றைக்கு வேற்றுமைப் பாடம். "அரசனால் குளம் வெட்டப்பட்டது" என்று கரும்பலகையில் எழுதினார். நான் எழுந்து நின்று, அது பொய் என்றேன்.

பொய் இல்லாமல் என்ன? அரசன் மண்வெட்டியைத் தொட்டாவது பார்த்திருப்பானா? எங்கள் பெரியப்பாகூடத் தோட்டத்தில் கிணறு வெட்டினார். வெட்டி முடிகிற வரைக்கும் வேப்பமர நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். கை கொப்புளித்ததெல்லாம் வேறு ஆட்களுக்கு. டீச்சர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஒரு செயலைச் செய்பவருக்குக் கருத்தா என்று பெயர். தன் கையால் செய்தால் இயற்றுதல் கருத்தா. பிறரைச் செய்ய வைத்தால் ஏவுதல் கருத்தா. இரண்டு பேருமே செய்தவர்கள்தான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சொல்றது எப்படி டீச்சர் செய்யிறதாகும்? பரீட்சை எழுதுன்னு நீங்க சொல்றீக. அப்ப மார்க் உங்களுக்கா?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. 'ஏவுகிறவனும் கருத்தாவே' என்று நூறு தடவை எழுதி வரச் சொன்னார். கை வலிக்க வலிக்க எழுதினேன். எழுபதாவது தடவை வாக்கில், அட, இருக்கலாமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. நூறு முடிந்தபோது அதை முழுசாக நம்பினேன்.

அந்த வாரமே பங்குனிப் பொங்கல். எங்கள் ஊர் அம்மன் நண்பகலில் கோயிலை விட்டுப் புறப்படும்போது அதிர்வேட்டு போடுவது வழக்கம். இரும்புக் குழாய்களை மண்ணில் நட்டு, மேலே போய் வெடிக்கிற வேட்டுகளை அதில் இறக்கித் திரியைப் பற்றவைப்பார்கள். வேட்டு வாங்கிக் கொடுப்பது பெரியப்பா. வெடிப்பது கீழத்தெரு வாணக்காரர். சிவகாசிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், சுற்றுப்பட்டு ஊர்க் கோயில்களுக்கெல்லாம் அவர்தான். ஆனால் ஊரில் ஒருவர்கூட வாணக்காரர் வெடி என்று சொன்னதில்லை. நோட்டீசில் இருந்து டீக்கடைப் பேச்சு வரை 'பெரியவர் வெடி'தான். பெரியப்பாவும் அந்த ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

அந்த வருஷம் சூலக்கரைக் கலெக்டர் ஆபீசிலிருந்து இரண்டு அதிகாரிகளை விருந்துக்கு அழைத்திருந்தார். கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. அவர்களுக்குக் கலர் பாட்டில் கொடுக்கிற வேலை எனக்கு. தட்டோடு நின்றபோதுதான் வாணக்காரர் வந்தார். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து சொன்னார்.

"காத்து ஒரு தினுசா அடிக்குது முதலாளி. அங்கன வைக்கோல் படப்பு இருக்கு. கம்மாக்கரையில வச்சு வெடிச்சிருவோமா?"

"கம்மாக்கரையில வெடிச்சா வந்தவுக எப்படிலே பாப்பாக? இங்கனயே நடு."

அவர் படப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய்க் குழாய் நட்டார்.

முதல் இரண்டு வேட்டும் அமர்க்களம். பெரியப்பா அதிகாரிகள் பக்கம் திரும்பி, நம்ம வெடி எப்படி என்றார். மூன்றாவது வேட்டிலிருந்து எரிந்துகொண்டே இறங்கிய காகிதத் துண்டு, ஒற்றைப் பசு வைத்துப் பால் விற்றுப் பிழைக்கிற அக்காவின் படப்பில் போய் உட்கார்ந்தது. ஆளுக்கொரு குடத்தோடு ஓடினோம். அரை மணி நேரத்தில் படப்பு சாம்பல். மனுஷருக்கோ மாட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை, அம்மன் புண்ணியம்.

மறுநாள் காலை கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். தலைமை பெரியப்பாதான், வேறு யார்? நேற்று நண்பகல் வரைக்கும் அவருடையதாக இருந்த வெடி, ராத்திரியோடு ராத்திரியாக வாணக்காரருடையதாகிவிட்டது. "இவன் வெடிச்ச வெடி" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சபையில் எல்லார் காலிலும் விழுந்து கும்பிட வேண்டும், இல்லையென்றால் இனி இந்தக் கோயிலில் அவர் திரியைத் தொடக்கூடாது என்று பேசி முடித்தார்கள். வாணக்காரர் தலை குனிந்து நின்றார். அவர் மனைவி தள்ளி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கோயில் மதில் மேல் உட்கார்ந்திருந்த நான் குதித்து நடுவில் போய் நின்றேன்.

"பெரியப்பாவுந்தான் வெடிச்சாக!"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் மூச்சு விடாமல் கொட்டினேன். "காத்தடிக்குதுன்னு அவரு சொன்னாரு. இங்கனயே நடுன்னு நீங்கதான் சொன்னீக, நான் கேட்டேன். செய்யச் சொன்னவுகளும் செஞ்சவுகதான், புஸ்தகத்துல இருக்கு. அவரு வெறும் கை. அம்புட்டுதான். செஞ்சது பூராம் நீங்க. அவரு எதுக்கு விழணும்?"

"யாரு வீட்டுப் புள்ளைலே இது?" என்றார் பெரியப்பா. தினமும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கச் சொன்ன மனிதர்! பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நீ கொஞ்சம் சும்மா இரு பாப்பா."

சொன்னது வாணக்காரர். அவர் தலை நிமிர்ந்திருந்தது.

"இங்கனயே நடுன்னு பெரியவுக சொன்னது வாஸ்தவம். ஆனா குழாய் நட்டது நான். திரி பத்த வச்சது நான். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல. பதினஞ்சு வருசமா இங்கன போட்ட வேட்டு எல்லாம் நான் வெடிச்சது. நேத்து வெடிச்சதும் நான்தான். ஒரு லோடு வைக்கோல் கொண்டாந்து என் கையால படப்பு போட்டுக் குடுக்கேன்." அக்குளில் இருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "ஆனா ஒருத்தர் கால்லயும் விழ மாட்டேன்."

அவர் போய்க் குழாய்களைப் பிடுங்கித் தம் டிவிஎஸ் வண்டியில் கட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தது. உங்களுக்காகத்தானே பேசினேன், இப்படிக் காலை வாரிவிட்டீர்களே என்று கத்தினேன்.

அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "எனக்காகவா பேசுன? என்னைய விட்டுட்டுல்ல தாயி பேசுன."

சொன்னபடி மூன்றாம் நாள் வைக்கோல் வந்தது. தனியாளாக நின்று படப்பைப் போட்டு முடித்தார். அடுத்த பங்குனிக்குப் பெரியப்பா வேறு ஆளை வரவழைத்தார்.

பெரியப்பா அந்த மனிதரைக் காலில் விழச் சொன்னார். நானோ, ஊர் நடுவில் நின்று அவரை ஓர் ஆளே இல்லை என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் நியாயம் கேட்கிற குரலில். எது அவருக்கு அதிகம் வலித்தது என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. நேரே வீட்டுக்குப் போய், அந்த ஆளுக்குக் கொஞ்சம்கூட நன்றி இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கோபம் தீர நாலு தோசை சாப்பிட்டேன்.