பொது வகுப்பில் நான் மூடிய சுரங்கம்

மகளைச் சேர்க்க பெங்களூரில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். வாசலிலேயே பினாயில் வாசனை. அது மூக்கில் ஏறினால் போதும், எங்கள் கோலார் தங்கவயல் கல்லூரியின் பெரிய ஹால் நினைவுக்கு வந்துவிடும். கவுண்டரில் இருந்த பெண், "பொதுப்பாடம் எதுவும் கட்டாயம் இல்ல மேடம், பிடிச்சத மட்டும் எடுத்துக்கலாம்" என்றாள், ஆடித் தள்ளுபடி அறிவிப்பதுபோல. "அப்பாடா, ஹிஸ்டரி இல்ல!" என்று மகள் துள்ளினாள்.

அவளைக் குறை சொல்ல நான் யார்? பி.காம். முடித்தால் பேங்க் வேலை, அதற்கு மேல் உலகமே கிடையாது என்றிருந்தவள்தானே நானும்! ஆனால் எங்கள் காலத்தில் வரலாறு, இலக்கியம், தர்க்கம் எல்லாம் எல்லோருக்கும் பொது. பிசிக்ஸ் பையன்கள், காமர்ஸ் பெண்கள், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள், சுற்றுக் கிராமத்துத் தெலுங்குப் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஹாலில்தான். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வகுப்பு. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதை அங்கேதான் கற்றேன். ஆபீஸ் மீட்டிங்குகளில் இன்றும் கைகொடுக்கிறது.

தர்க்க வகுப்பில் மட்டும் தூக்கம் நடக்காது. தன் மனதுக்குப் பிடிக்காத தரப்பைத்தான் ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒரு நாள் தலைப்பு, சுரங்கத்தை மூடலாமா? ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்த நேரம். அப்பா தினமும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்ப்பவர். எனக்கு விழுந்ததோ 'மூடலாம்'. விழுந்தது விழுந்துவிட்டது என்று வெளுத்து வாங்கினேன். ஹாலே கை தட்டியது.

சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி பேசின? காலேஜும் வேணா, ஒண்ணும் வேணான்றாரு உங்கப்பா."

அப்பா ஷிப்ட் முடித்து வந்து, சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா, மைன்ஸ மூடணும்னு பேசினியாமே?"

"வேற தரப்பு பேசச் சொன்னாங்கப்பா."

"இன்னா பேசினியோ, அத எங்கிட்ட பேசு."

பேசினேன். ஆழம் போகப் போகத் தங்கம் குறைகிறது, எடுக்கும் செலவு தங்கத்தின் விலையையே மிஞ்சுகிறது, கீழே பாறை வெடித்தால் ஆட்கள் திரும்புவதில்லை. அப்பா கடைசிவரை கேட்டார்.

"ஆபீஸ்காரனுங்க சொன்னப்பல்லாம் கோவந்தான் வந்துச்சி. நீ சொன்னாதான் புரியுது" என்றார். பிறகு தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "செரி, இப்ப நம்ம பக்கம் பேசு" என்றார்.

அன்று போல் நான் எங்கும் பேசியதில்லை. எதிராளி என்ன சொல்வான் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. பேசி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலேஜ் உண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போனேன்.

சில வருடங்களில் சுரங்கத்தை மூடியேவிட்டார்கள். தெருவே ஆளுக்கொருவரைத் திட்டியது. அப்பா மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, "நம்ம பக்கம் தோத்துடுச்சிமா" என்றார். இப்போது அவரும் இல்லை. அந்த ஹாலைத் தடுத்து கம்ப்யூட்டர் அறைகளாக்கிவிட்டார்களாம்.

ரயிலில் திரும்பும்போது மகளிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "பொதுப்பாடம் ஒண்ணாவது எடுத்துக்கோயேன்."

"எதுக்கும்மா? வேஸ்ட்."

"செரி, வேஸ்ட்டுனு நான் பேசறேன். வேணும்னு நீ பேசு, பாக்கலாம்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் தங்கம் தீர்ந்துபோனதற்குக்கூட நான் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.