செங்கலடியில் இறங்காத மூட்டை

அக்கா, உன்னைத்தான் கூப்பிடுகிறேன். நீ இருந்திருந்தால், "அதான் கூப்பிட்டாச்சுல்ல, விஷயத்தச் சொல்லுடா" என்பாய். விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாதது. உன்னிடமே சொல்லவில்லை. சொல்ல ஒன்றரை நாள் இருந்தது. வாய் வரவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. நான் படித்தவன் இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற கூலி வரிசை வீட்டில் பிறந்தவன். எழுத்துக்கூட்டக் கொஞ்சம் பழகினேன். மிச்சம் கடைக்கு வரும் சாக்குகளில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்து வந்தது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதுளையில், பசறை ரோடு தொடங்கும் இடத்தில் உள்ள அரிசிக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். மட்டக்களப்பிலிருந்து நெல்லும் கருவாடும் ஏற்றிவரும் வண்டிகள் எங்கள் கடை முன்னால்தான் மாட்டை அவிழ்க்கும். கொழும்புச் சாமான் பண்டாரவளைவரை ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டியில் எங்களிடம் வரும். ரயில் அதற்கு மேல் இன்னும் வரவில்லை. இரண்டு பக்கத்து வண்டிக்காரர்களின் பேச்சையும் கேட்டுக் கேட்டு, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு மனப்பாடம். இத்தனைக்கும் நான் கடலைப் பார்த்ததே இல்லை.

யாராவது வழி கேட்டால் போதும், தராசை அப்படியே விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். கப்பல் என்றால் வாரத்துக்கு ஒன்று. கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், படகில் போய் ஏறவேண்டும். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் நிற்காமலே போய்விடும். தோணி என்றால் காற்றைப் பொறுத்தது. ரோடு என்றால் செங்கலடி, கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. எட்டு ஒன்பது நாள் மாட்டுவண்டி. பிறகு பண்டாரவளைக்குக் குதிரைவண்டி, அங்கிருந்து ஒரு பகல் முழுக்க ரயில்.

"அவங்கிட்டக் கேளுங்க. கடலப் பாக்காமலே கப்பல் ஓட்டுவான்" என்று முதலாளி சிரிப்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

அக்காவை மட்டக்களப்பில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானுக்கு அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை. நான்கு வருஷம் நாங்கள் அவளைப் பார்க்கவில்லை. போன வருஷக் கடைசியில் மச்சானுக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் வேலை கிடைத்தது. அவர் முன்னால் கப்பலில் போய் அறை பார்த்துவிட்டு, அக்காவை வரச்சொல்லிக் கடிதம் போட்டார். அக்கா யாரையோ பிடித்து எனக்கு எழுத வைத்தாள்: "தம்பி, உனக்குத்தான் வழியெல்லாம் தெரியுமே. நான் கப்பலில் போகவா, ரோட்டில் போகவா?"

அம்மா இன்னும் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவளிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"கப்பல்ல போனா நேரா கொழும்புக்குல்ல போயிருவா? அப்புறம் எம் புள்ளய நான் எப்பப் பாக்குறது?" என்றாள் அம்மா.

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் அதை எழுதவில்லை. வேறு என்னென்னவோ எழுதினேன். கப்பலில் போனால் தண்ணீரைத் தவிர எதைப் பார்ப்பாய் என்று எழுதினேன். மகாஓயாவில் தரைக்குள்ளிருந்து தானாகவே கொதித்து வரும் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. லுணுகலை ஏறினால் பனி மூக்கைத் தொடும். பதுளையில் இரண்டு நாள் தங்கினால் துன்ஹிந்த அருவிக்குக் கூட்டிப்போகிறேன். எல்ல என்ற ஊரில் மலை பிளந்து நிற்கும் இடத்தில் பார்த்தால் கீழே நாடே தெரியும். ரயிலில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். எல்லாம் பிறத்தியார் சொல்லக் கேட்டதுதான். துன்ஹிந்தவைத் தவிர ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

'உன்னைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது, வா அக்கா' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அவள் அதற்கே வந்திருப்பாள். அல்லது, பிறகு வருகிறேன் என்று கப்பல் ஏறியிருப்பாள்.

ரோட்டிலேயே வருகிறேன் என்று பதில் வந்தது. பொங்கல் முடிந்து வண்டிகள் சேர்ந்து புறப்படுகின்றன, பசறைக்கு வரும் ஒரு குடும்பமும் கூட வருகிறது, ஆனால் புறப்படுவது ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருந்தாள். மட்டக்களப்பிலிருந்து பதுளை மேற்கே. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் பயணம் ஆகாது.

எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நல்ல நாளாகப் பார்த்து, பயணச் சாமானில் ஒரு மூட்டையைக் கட்டி, போகும் திசையில் வேறொரு இடத்தில் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றைக்கே தொடங்கியதாக ஆகிவிடும். பரஸ்தானம் என்பார்கள். பிறகு சூலம் உள்ள நாளில் புறப்பட்டு, வழியில் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டால் குற்றமில்லை. ஆனால் ஒப்புக்கு ஒரு கந்தல் துணியைக் கட்டி வைக்கக்கூடாது. வழியில் உண்மையிலேயே தேவைப்படும் பொருளாக இருக்கவேண்டும். அப்போதுதான் செல்லும்.

எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் வண்டிக்காரர் ஒருவர் அந்த ஞாயிற்றுக்கு முந்திய வியாழக்கிழமை மட்டக்களப்பிலிருந்து திரும்புவதாக இருந்தார். வியாழன் மேற்கே நல்ல நாள். நான் உடனே எழுதினேன்: "மூட்டையை நம் வண்டிக்காரரிடம் கொடு. செங்கலடிக் கடையில் இறக்கி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை நீ போகும்போது எடுத்துக்கொள்." முதலாளிகூட, "பரவாயில்லயே, பஞ்சாங்கக்காரன் தோத்தான் போ" என்றார்.

வண்டிக்காரர் பதுளையிலிருந்து கிளம்பும்போது கடையில் நல்ல கூட்டம். நான் தராசில் அரிசி நிறுத்துக்கொண்டே சத்தம் போட்டேன்.

"அண்ணே! மட்டக்களப்புல எங்கக்கா ஒரு மூட்ட தருவாங்க. பத்திரமாக் கொண்டாந்துருங்க!"

"நகையா?"

"கம்பளிண்ணே!"

"கம்பளிக்கு எதுக்குடா பத்திரம்? அது என்ன எறங்கி ஓடிப்போயிருமா?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக வண்டி போய்விட்டது. செங்கலடி என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

இதுதான் அந்த விஷயம்.

அவர் திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. துண்டைச் சும்மாடாகச் சுற்றி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கல்யாணச் சீர் கொண்டுவருகிறவர் மாதிரி நடந்து வந்தார்.

"இந்தாப்பா ஓங்கக்கா சொத்து. மகாஓயாவுல மழை ஊத்துச்சு. நான் நனஞ்சேன், மாடு நனஞ்சுச்சு, இது நனயல. ஓங்கக்காவும் சொல்லித்தான் விட்டுச்சு, 'தம்பி சொன்னபடியே செஞ்சுருங்கண்ணே'ன்னு."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மூட்டையைக் கையில் வாங்கிய பிறகுதான் விளங்கியது. பிரித்தேன். கம்பளி. அதற்குள் எனக்கு இடுப்பில் கட்ட ஒரு மட்டக்களப்புச் சாரம், அம்மாவுக்கு ஒரு வெற்றிலைப் பெட்டி. எல்லாவற்றுக்கும் நடுவில், துணியில் சுற்றிய ஒரு போத்தல் கொயினா. மழைக்காலத்தில் அக்காவுக்கு ஒரு தடவை குளிர்காய்ச்சல் வந்து போயிருந்தது. காட்டு வழியில் திரும்ப வந்தால் கொடுக்கவென்று மச்சான் வாங்கி வைத்துவிட்டுப் போன மருந்து. வழியில் தேவைப்படும் பொருளைத்தான் கட்டவேண்டும் என்று, அக்கா சரியாகத்தான் கட்டியிருக்கிறாள்.

அக்கா இந்நேரம் வந்துகொண்டிருக்கும் பிபிலைக்குத் தந்தி இருக்கிறதா என்று தபால் கந்தோரில் போய்க் கேட்டேன். இல்லை. அந்தப் பக்கம் போகும் வண்டி மறுநாள் மத்தியானம்தான். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "கடைய நான் பாத்துக்குறேன். நீ நட" என்றார்.

நடந்தேன். எத்தனையோ பேருக்கு வாயால் சொன்ன ரோட்டில் முதல்தடவையாகக் காலால் நடந்தேன். பசறை, லுணுகலை. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்காரரையும் கேட்டேன். பிபிலையிலிருந்து வந்த ஒருவர், "பின்னால நாலு வண்டி வருது. ஒண்ணுல ஒரு பொம்பளைக்கு முடியல" என்றார். எந்தப் பொம்பளை என்று நான் கேட்கவில்லை.

லுணுகலைக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டிகளைக் கண்டேன். அக்கா வைக்கோல் மேல் படுத்திருந்தாள். கூட வந்த பசறைக் குடும்பத்து அம்மா தன் சேலையை நாலாக மடித்து அவளுக்குப் போர்த்தியிருந்தார்.

"யாரு, தம்பியா? என்னடா இப்பிடிக் கருத்துப் போய்ட்ட?"

"வெயில்ல நடந்தேங்க்கா."

"மூட்ட கெடச்சுச்சாடா?"

"கெடச்சுருச்சுக்கா. கொண்டாந்துட்டேன்."

அந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: "செங்கலடியில மூட்ட இல்லன்னாங்க. முன்னாடி எங்கயாச்சும் எறக்கியிருப்பாருன்னு ஒவ்வொரு எடத்துலயும் எறங்கி எறங்கிக் கேட்டுச்சுப்பா. மகாஓயாவுல வச்சே காய்ச்சல் தொட்டுருச்சு. அப்பவும் எறங்கித்தான் கேட்டுச்சு."

கொயினாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன். கொஞ்சம் தங்கியது. கம்பளியைப் போர்த்தினேன். நடுக்கம் நின்றபோது கேட்டாள்.

"எங்கதான்டா எறக்குனாரு அந்தாளு?"

அப்போது சொல்லியிருக்கலாம். "தெரியலக்கா" என்றேன்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டால் போதும் என்று இருந்தது. ஆனால் அந்த ஏற்றத்தில் மாடு நடக்கிற நடைதான் நடக்கும். இறங்கிச் சக்கரத்தைத் தள்ளினேன். மாட்டுக்கு முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வண்டியோட்டியவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீ இழுத்தா அது நின்னுரும்பா. விடு" என்றார். விட்டுவிட்டு, அக்காவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? வழி சொல்லத் தெரியும். அதைச் செய்தேன்.

அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. வெளியே தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்தா தேயிலை ஆரம்பிச்சுருச்சுக்கா. மேல பங்களாக் கூரை தெரியுது. ரெண்டு பொம்பளைங்க கூடையோட நின்னு நம்மளையே பாக்குறாங்க.

"வெந்நீர்க் கெணத்தப் பாத்தேண்டா" என்றாள். "கையக்கூட வச்சேன். நீ எழுதுன மாதிரியேதான் சுட்டுச்சு."

ஓரிடத்தில் ரோட்டோரமாகத் தண்ணீர் சத்தம் கேட்டது. "இதுதான் நீ எழுதுன அருவியா?" என்றாள். அது மதகுக்கு அடியில் ஓடுகிற ஓடை. ஒரு எட்டில் தாண்டிவிடலாம். துன்ஹிந்த பதுளைக்கும் அப்பால் இருக்கிறது.

"ஆமாக்கா."

"பெருசா?"

"ரொம்பப் பெருசுக்கா. மேலேர்ந்து புகை மாதிரி விழுது."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பசறையில் மருந்து கொடுக்கிறவர் வண்டிக்கே வந்து பார்த்தார். "கொயினா எப்பருந்து குடுக்குறீங்க?" என்றார். "நேத்துலேர்ந்து" என்றேன். சீக்கிரம் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

பசறை தாண்டி, மேட்டில் ஏறி, ரோடு பதுளைப் பக்கம் திரும்பும் வளைவில் அக்கா போய்விட்டாள். நான் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அதோ பதுளை தெரியுது, கோவில் தெரியுது, நம்ம கடைவீதி தெரியுது என்று. வண்டியோட்டியவர்தான் மாட்டை நிறுத்தி, "போதும் தம்பி" என்றார்.

மச்சான் தந்தி கிடைத்து ரயிலில் வந்தார். அவர் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. "கப்பல்ல..." என்று ஆரம்பித்தார்.

அம்மா ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்கிறாள். "சூலத்துல கெளம்பவே கூடாது. மூட்ட வச்சா மட்டும் சரியாப்போயிருமா?" என்று அழுகிறாள். கடைவீதி வண்டிக்காரரைச் சொல்கிறது. மருந்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் மடையன் என்கிறார்கள். காரியம் முடிந்த மறுநாள் அவர் வந்து கடைக்கு வெளியிலேயே நின்றார். எப்போதும் தோளில் கிடக்கிற துண்டு கையில் இருந்தது.

"தம்பி, நீ சொன்னதத்தானப்பா நான் செஞ்சேன்?"

கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது அவர் எங்கள் கடைப் பக்கம் மாட்டை அவிழ்ப்பதில்லை. கீழ்ச்சந்தியோடு திரும்பிவிடுகிறார்.

அவர் செய்தது நான் சொன்னதைத்தான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லாமல் விட்டவன் நான். இதை எழுதி முடித்ததும் முதலில் அவரிடம் போய் வாசித்துக் காட்டப்போகிறேன். பிறகு அம்மாவிடம்.

இன்னும் ஆட்கள் வந்து வழி கேட்கிறார்கள். "முதலாளியிடம் கேளுங்கள்" என்கிறேன்.

மட்டக்களப்பு ரோட்டில் போகிறவர்களே, கப்பலில் போகிறவர்களே, எங்கும் போகாமல் வீட்டிலேயே இருக்கிறவர்களே, உங்கள் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். விளக்கு வைக்கும்போதோ, கோவிலில் நிற்கும்போதோ, எங்கள் அக்காவையும் நினைத்து ஒரு தடவை கையெடுத்துக் கும்பிடுங்கள். அவளுக்குக் குளிராத இடமாகக் கொடு என்று சாமியிடம் கேளுங்கள். பெயர் தெரியவேண்டாம். தம்பியைப் பார்க்க ரோட்டில் வந்தவள் என்றால் போதும்.