செத்துப்போகாத ரோமானியர்கள்

கோட்டுச்சேரி பஸ் ஸ்டாப் சுவரில் ஒருவர் மைதா பசை தடவி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புளித்த வாசம் என்னை ஆறாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு இழுத்துப் போனது.

அட்டையில் அதே பசையால் ஜிகினாத்தாள் ஒட்டிய கேடயத்தோடு நான் ரோமத் தளபதி. ரோமானியர்கள் தோற்றுப்போன கன்னே போர்தான் நாடகம். எதிரித் தளபதி ஹன்னிபாலின் படை எங்களைச் சுற்றி வளைத்தது. அழகாகச் சாக ஒரு மாதம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லோருமாகச் செத்து விழுந்தோம்.

முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா எம்பொண்ணச் சாகடிக்கிறீங்களே டீச்சர்!”

மற்ற அம்மாக்களும் எழுந்துவிட்டார்கள். டீச்சர் மைக்கைப் பிடித்து, “மயக்கந்தாங்க, சாகலைங்க” என்றார்.

“அப்ப தண்ணி தெளிங்க!”

ஹன்னிபாலே சொம்போடு வந்து எங்கள் முகத்தில் தெளித்தாள். எனக்குக் கண்ணைத் திறக்கவே மனமில்லை. ஆனாலும் ரோமப் படை மொத்தமும் எழுந்து நின்றது. அப்படியொரு கைதட்டல்!

பஸ்ஸுக்காகப் பக்கத்தில் நின்ற மகளிடம் இதைச் சொன்னேன். அவள் செல்போனில் தேடிப் பார்த்தாள்.

“அம்மா, நெசமான போர்ல ரோமானியங்க கூட்டங்கூட்டமா செத்திருக்காங்க.”

“அவங்க அம்மாங்க யாரும் வரல போல” என்றேன்.