படகில் ஒரு பாதி

பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றிவிட்டு ஸ்வாவா காத்திருக்கிறாள். சூடு கொஞ்சம் தணிய வேண்டும். தணிந்ததும் பம்ப் அறைக்குப் பின்னாலுள்ள கறுப்புப் பாறையின் அடியில் பாதியை ஊற்றுகிறாள். மீதியைத் தான் குடிக்கிறாள். பிறகுதான் கதவைத் திறந்து அழுத்தமானிகளைப் பார்ப்பது. அந்தப் பாதி, நிலத்தைக் காக்கிறவர்களின் பங்கு. அவர்களை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பாறையை நகர்த்தச் சொன்னால் நகராட்சியில் எவரும் முன்வர மாட்டார்கள்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்தினா பாசி கருகிடும்" என்பாள், யாராவது கேட்டால். "குடிக்கிறவங்க நாக்கும்தான்."

ஐஸ்லாந்தின் வடகரையில், செல்விக் என்ற சின்ன ஊரில், பூமிக்கடியிலிருந்து வெந்நீரை எடுத்து வீடு வீடாக அனுப்பும் குழாய்கள் அவள் பொறுப்பு. பேச்சு குறைவு. குழாய் கசிந்தால் "கசியுது" என்பாள். சரிசெய்து முடித்ததும் "கசியல" என்பாள். இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்காரர் என்ன பேசினாலும் பதில் வராது.

பழைய தெய்வங்களின் பக்கம் அவள் வந்தது இந்த வசந்தத்தில்தான். வால்வுச் சாவியோடு ஒரு குட்டி வெள்ளிச் சுத்தியலும் இப்போது வளையத்தில் தொங்குகிறது. இடிக்கடவுளின் சுத்தியல். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு அது நல்ல தீனி.

"ஸ்வாவா, மூணாம் பம்ப் நின்னுபோச்சு. உங்காளுக்கு ஒரு போன் போடேன்."

"அவருக்கும் பம்புக்கும் சம்பந்தமில்ல. அவர் கரண்ட்."

புதிதாக வந்தவர்களுக்கு உள்ள எல்லா வேகமும் அவளுக்கு உண்டு. அந்தத் தெய்வங்களின் பூசாரி ஓர்முர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவரை மடக்கிக் கேட்பாள்.

"காணிக்கை எவ்வளவு ஊத்தணும்? லிட்டர்ல சொல்லுங்க."

"கை எவ்வளவு விடுதோ அவ்வளவு."

"எந்தத் திசையைப் பாத்து?"

"காத்து உன் மூஞ்சில திருப்பி அடிக்காத திசையா பாத்துக்கோ."

"கையேடு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"அப்ப சர்வீஸ் எப்படிப் பண்றீங்க?"

ஓர்முர் அதை ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவள் வந்ததற்குக் காரணம் அப்பா. ரெய்மர் குளிர்காலக் கடைசியில் இறந்துபோனார். தேவாலயத்தில் போதகர் நன்றாகத்தான் பேசினார். அதன்பின் காப்பியும் கிரீம் கேக்கும். ஒவ்வொருவராக வந்து அவள் தோளைத் தொட்டு, "அங்க போய் அப்பாவை மறுபடி பாப்பே" என்றார்கள். கடைசியாக வந்தவரிடம் அவள் கேட்டாள்: "எந்த வழியா?" கிண்டலில்லை, அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் கேக் எடுக்கப் போய்விட்டார். ஓர்முர் மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. "கோடை முதல் நாள் எங்க ஷெட்டுக்கு வா. அவர் பேரைச் சொல்லிக் குடிப்போம்" என்றார். அது நடக்கக்கூடிய காரியமாக அவளுக்குப் பட்டது.

இங்கே அண்ணன் பௌல்மியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டயர் கடைக்காரன். தேவாலயக் குழுவின் தலைவன், பாடகர் குழுவில் உரத்த குரல். தங்கை எவ்வளவு குறைவாகப் பேசுவாளோ அந்தக் குறையை இவன் ஈடுகட்டுவான். ஸ்வாவா வாயைத் திறந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினால் அது அவனைப் பற்றித்தான் இருக்கும். "அவன் வால்வு இல்லாத குழாய். திறக்க வேணாம், அதுவா வரும்." "எட்டு டயர் மாட்டின வண்டி, எஞ்சின்தான் இல்ல." ஊர் இவற்றை மனப்பாடமாக வைத்திருந்தது. மீன் பதனிடும் ஆலையில் இடைவேளைக்கு இடைவேளை, "ஸ்வாவா புதுசா என்ன சொன்னா?" என்று கேட்பார்கள்.

ரெய்மருக்குக் காது கேட்கும் கருவி உண்டு. பிள்ளைகள் இருவரும் சண்டையை ஆரம்பித்தால் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். மருத்துவமனையிலும் அப்படித்தான். கடைசி நாள் சாயங்காலம் அவருடைய படகைப் பற்றிச் சண்டை. அண்ணன் புது எஞ்சின் வேண்டுமென்றான். தங்கை, பழையதற்கு ஒரு குறையுமில்லை, குறை ஓட்டுகிறவனிடம் என்றாள். கருவி இழுப்பறைக்குள் போயிற்று. கிளம்பும்போது "நாளைக்கு வரேன்" என்று ஸ்வாவா சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

படகை இருவருக்கும் பாதிப் பாதியாக எழுதி வைத்திருந்தார்.

ஏப்ரலிலேயே வந்துவிடும் கோடை முதல் நாளன்று பனி பெய்தது. அது வழக்கம்தான். ஓர்முரின் ஷெட்டில், கடல் ஒதுக்கிய கட்டைகளை எரித்து, பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். தேன்மது நிரம்பிய மாட்டுக் கொம்பு சுற்றி வந்தது. முதல் சுற்று தெய்வங்களுக்கு. இரண்டாவது செத்துப்போனவர்களுக்கு. ஸ்வாவா "ரெய்மர்" என்றாள், மேலே சொல் வரவில்லை, குடித்தாள். மூன்றாவது சுற்றில் விரும்பியவர்கள் ஓர்முர் நீட்டும் வெள்ளி வளையத்தைத் தொட்டு வாக்குக் கொடுக்கலாம். தொட்டுச் சொன்னது சொன்னதுதான். தவறினால் அந்த வட்டத்தில் இருந்த எல்லோருடைய அதிர்ஷ்டமும் கெடும். அதனால் பழையவர்கள் சின்னதாகத்தான் வாக்குக் கொடுப்பார்கள். தபால் அலுவலகத்து தாக்ருன் ஒவ்வோர் ஆண்டும் ஒரு காலுறை பின்னி முடிப்பதாகச் சொல்வாள். ஒன்று. ஜோடி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஸ்வாவாவுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. வளையத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"குளிர்காலம் முதல் நாள் வரைக்கும் என் அண்ணனைப் பத்தி ஒரு கெட்ட சொல் சொல்ல மாட்டேன்."



"ஸ்வாவா" என்றார் ஓர்முர் மெதுவாக. "ஒரு வாரம்னு வெச்சுக்கலாமே."

"சொல்லியாச்சு."

"தவறினா என்ன குடுப்பேன்னும் சொல்லணும். அதான் முறை."

"படகுல என் பாதி. அவனுக்கு."

தாக்ருன் பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "நாம எல்லாரும் தொலைஞ்சோம்" என்றாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் செய்தி டயர் கடைக்குப் போய்விட்டது. தபால் அலுவலகம் இருக்கும்போது வேறெப்படி? பௌல்மி கடையைப் பூட்டிவிட்டு நேரே ஊர் நீச்சல் குளத்துக்கு வந்தான். குளத்தோரம் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. ஊர் விவகாரங்கள் எல்லாம் அதில்தான், கழுத்தளவு நீரில், தீரும். ஸ்வாவாவும் தாக்ருனும் இன்னும் சிலரும் உள்ளே இருந்தார்கள்.

"என்ன தங்கச்சி. ஞாயித்துக்கிழமை என் பாட்டு எப்படி இருந்துச்சு?"

ஸ்வாவா யோசித்தாள். "சத்தமா இருந்துச்சு."

"நல்லாருந்துச்சான்னு கேட்டேன்."

"துறைமுகம் வரைக்கும் கேட்டுச்சு."

தொட்டியில் யாரோ தண்ணீருக்குள் சிரித்தார்கள். பௌல்மி தாக்ருனைப் பார்த்தான். "நீதானே சாட்சி? இது கெட்ட சொல் இல்லையா?"

"இல்ல. அளவு" என்றாள் தாக்ருன், முகம் மாறாமல்.

"இருக்கட்டும், இருக்கட்டும். படகுக்கு டிரெய்லர் பாத்துட்டேன். கோடை பாதிகூடத் தாங்க மாட்டே."

அவளுக்கு அது வழியாயிற்று. பெயரடை கிடையாது, அளவு மட்டும். அண்ணன் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி பம்ப் அறைக்குப் போகும் பாதையை அடைத்தபோது, "வண்டி நாலு மீட்டர். வழி மூணு மீட்டர்" என்றாள். ஊர்க் கூட்டத்தில் அவன் பேச்சு எப்படி என்று கேட்டவர்களிடம், "ஆரம்பிச்சான். காப்பி ஆறிடுச்சு" என்றாள். ஊருக்கு இது முன்னைவிட ருசியாக இருந்தது. ஓர்முரின் ஆட்கள்தான் தங்கள் அதிர்ஷ்டத்துக்காகக் காவல் இருந்தார்கள். அவள் மளிகைக் கடைக்குள் நுழைந்தால் அவர்களில் ஒருவர் அவசரமாகப் பேச்சை மாற்றுவார். வானிலை, ஆட்டுக்குட்டி, எது கிடைத்தாலும்.

ஆனால் அளந்து சொல்ல வேண்டுமென்றால் அளந்து பார்க்க வேண்டும். அதுதான் வினை. திட்டுவதற்குப் பார்க்கவே தேவையில்லை. பழைய சரக்கே போதும். இப்போது அவள் அண்ணனைப் பார்த்தாள். கடையை மூடியதும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. கல்லறை வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

செம்மறிகளை மலையிலிருந்து இறக்கும் பருவத்தில், தாக்ருன் பம்ப் அறைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"துறைமுகத்துக்கு வா. இல்ல, வராதே. வந்தா வாயை மூடிக்கிட்டு வா."

அப்பாவின் பச்சைப் படகு கரையில் ஏற்றி நிறுத்தியிருந்தது. இப்போது பச்சையாக இல்லை. உயிர்காப்புச் சட்டைகளின் ஆரஞ்சு. மேகம் மூடிய பகலிலும் கண் கூசியது. பௌல்மி தூரிகையோடு பக்கத்தில் நின்றான். மூக்கிலும் ஆரஞ்சு.

ஸ்வாவாவின் வாய் திறந்தது. கோடை முழுதும் சேர்ந்த சரக்கு தொண்டை வரை வந்து நிற்பது தாக்ருனுக்கே தெரிந்தது.

"சொல்லு" என்றான் பௌல்மி. "சொல்லித் தொலை. எனக்கும் கேட்டு நாளாச்சு."

"ஆரஞ்சு" என்றாள் ஸ்வாவா.

அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தில், அருகே உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் எழுந்து பறந்தன.

"பச்சை கடல்ல கண்ணுக்குத் தெரியாது" என்றான் அவன். "நீ தனியாப் போவே. சொல்லிட்டும் போக மாட்டே, போனையும் எடுக்க மாட்டே. எவன் தேடறது?"

அவள் சொல்வதற்கு ஏதாவது அளவு கிடைக்குமா என்று படகைச் சுற்றி நடந்தாள். வலது விளிம்பில், அப்பாவின் தூண்டில் கயிறு உரசி உரசி அறுத்த பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தின் மேல் மட்டும் ஆரஞ்சு ஏறவில்லை. நாலு பக்கமும் டேப் ஒட்டி, பழைய பச்சையை உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே விட்டிருந்தான். அவள் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள்.

"டேப் நேரா ஒட்டியிருக்கே" என்றாள்.

"காத்துல ஒட்டறது கஷ்டம்" என்றான் பௌல்மி, தூரிகையைப் பார்த்துக்கொண்டு.

குளிர்காலம் முதல் நாள், மறுபடி ஓர்முரின் ஷெட். பௌல்மியும் வந்திருந்தான், தேவாலயத்துக்குப் போடும் கோட்டோடு. "நான் கும்பிட வரல. தீர்ப்பு கேக்க வந்தேன்" என்று வாசலிலேயே சொன்னான். ஓர்முர் அவனை ஸ்வாவாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

விசாரணை நீண்டது. சத்தம், நாலு மீட்டர், ஆறிய காப்பி எல்லாம் தப்பித்தன. ஆரஞ்சு தப்பவில்லை.

"சொல் சுத்தம்தான்" என்றாள் தாக்ருன். "ஆனா அந்தக் குரல் இருக்கே..."

"குரலையும் கணக்குல எடுத்தா இங்க ஒருத்தனுக்கும் வீடு வாசல் மிஞ்சாது" என்றார் ஓர்முர். பிறகு பௌல்மி பக்கம் திரும்பினார். "பேச்சு வாங்கினவன் நீ. நீ சொல்றதுதான். அவ உன்னைத் திட்டினாளா? திட்டினான்னா படகு முழுசும் உன்னோடது."

ஸ்வாவா நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பௌல்மி, பேசுவதற்கு அழைத்தால் எழுந்து நின்று தொண்டையைச் செருமுகிற பௌல்மி, உட்கார்ந்தபடியே இருந்தான்.

"ஆரஞ்சை ஆரஞ்சுன்னு சொன்னா அது திட்டா?" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் ஆயுளில் மிகச் சிறிய உரை அதுதான்.

வாக்கு நிறைவேறியதாக ஓர்முர் வளையத்தைத் தட்டினார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். உடனே எல்லோரும் ஸ்வாவாவைப் பார்த்தார்கள். இனி தடையில்லை. அரை ஆண்டுச் சரக்கு வருமென்று காத்திருந்தார்கள்.

செத்துப்போனவர்களுக்கான கொம்பு அவளிடம் வந்தது.

"ரெய்மர்" என்றாள். இந்த முறை நிற்கவில்லை. "மீன் பிடிக்கத் தெரியாது. தினமும் போவார்."

சிரிப்பு எழுந்தது. பௌல்மியின் சிரிப்புதான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது, பிறகு நடுவில் அறுந்தது. அவள் குடித்துவிட்டுக் கொம்பை அவனிடம் நீட்டினாள். அவன் கொஞ்சம் தயங்கி வாங்கினான்.

கொம்பில் குடிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். நுனி மேல்நோக்கி இருந்தால், பாதி குடிக்கையில் காற்று உள்ளே பாய்ந்து, மிச்ச மது மொத்தமும் முகத்தில் அறையும். புதியவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கூட்டத்தின் ஒரே கேளிக்கை அதுதான். பௌல்மி, நல்ல கோட்டும் சவரம் செய்த முகமுமாக, நுனியை வானத்துக்குத் தூக்கி உதட்டில் வைத்தான். வட்டம் முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. தாக்ருன் பின்னலை ஓரமாக நகர்த்திவைத்தாள்.

ஸ்வாவா யாரையும் பார்க்காமல் ஒரு விரலை நீட்டி, கொம்பின் நுனியைக் கீழே திருப்பிவிட்டாள்.