அரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு

என் அப்பா மாலத்தீவில் கணக்கு வாத்தியார். அம்மா செஷல்ஸில் ஒரு அரிசி மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதினாள். இரண்டும் தீவுகள், நடுவில் இந்தியப் பெருங்கடல். நான் எட்டு வயதிலிருந்து திருச்சியில் ஒரு ஹாஸ்டலில். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் உறையூர் வாடகை வீட்டை டிசம்பரில் திறப்போம். மூன்று வாரம் நாங்கள் ஒரு குடும்பம்.

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. யாருடைய சம்பளம் குறைவோ அவர் வேலையை விட்டுவிட்டு மற்றவர் தீவுக்குப் போய்விட வேண்டும்; பிறகு என்னையும் அழைத்துக்கொள்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு டிசம்பரும், அவரவர் தீவுக்குத் திரும்ப நாலைந்து நாள் இருக்கும்போது, அப்பா சாப்பாட்டு மேஜையில் கால்குலேட்டரோடு உட்காருவார். மாலத்தீவு ரூஃபியாவை டாலராக்கி, டாலரைச் செஷல்ஸ் ரூபாயாக்குவார். நேராக மாற்ற வழியில்லை. அந்த இரண்டு பணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவை உலகத்தில் எங்கள் வீட்டைத் தவிர வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள்.

"ரேட் இந்த வருஷம் சரியில்ல. ஏறி எறங்கிட்டிருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார் அப்பா. அம்மா தலையாட்டுவாள்.

அந்த ரேட்டை நான் மனதார வெறுத்தேன். ஹாஸ்டலில் பேப்பர் வந்ததும் மற்ற பெண்கள் சினிமாப் பக்கத்துக்கு அடித்துக்கொள்வார்கள். நான் நாணய மாற்றுப் பட்டியலைத் தேடுவேன். டாலர், பவுண்டு, தினார் எல்லாம் இருக்கும். எங்கள் வீட்டுப் பணம் இரண்டும் இருக்காது. ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து தொலையேன் என்று அதை மனதுக்குள் திட்டுவேன். உச்சிப்பிள்ளையாரிடம் நான் வைத்த கோரிக்கை அவருக்கே புரிந்திருக்காது.

கல்லூரிக் கடைசி வருடத்தில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார், அந்தத் தீவிலேயே. அம்மா இன்னும் சில வருடம் செஷல்ஸில் இருந்துவிட்டு உறையூருக்கே திரும்பி வந்தாள்.

இப்போது நான் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறேன், மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. கணவர் இரண்டு வருடமாக டெக்சஸில், ரவுண்ட் ராக்கில். அவரை அவர் ஆபீஸ் அங்கே மாற்றியது. என் கம்பெனி வழியாகப் போட்ட கிரீன் கார்டு இங்கே பாதியில் நிற்கிறது. எங்களிடமும் ஓர் எக்செல் ஷீட் உண்டு. இங்கத்திய வாடகை, அங்கத்திய சொத்து வரி, அங்கே மாநில வருமான வரி கிடையாது, இப்படி நீளும். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. அவரை நெவார்க் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அப்படி நானும் ஹாஸ்டல் வாசலில் நின்றிருக்கிறேன்.

போன மாதம் அவளுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். இரண்டு நாடுகளின் பணத்தை எடுத்து, பழைய மாற்று விகிதங்களைத் தேடி, கிராஃப் போட வேண்டும். தாத்தாவும் பாட்டியும் வேலை பார்த்த தீவுகளையே எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் என்னைக் கூப்பிட்டாள்.

"இட்ஸ் ஜஸ்ட் எ ஃப்ளாட் லைன், அம்மா."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். நான் ஹாஸ்டலில் இருந்த அத்தனை வருடமும் ஒரு ரூஃபியாவுக்குச் செஷல்ஸ் பணத்தில் அரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் லேசான மேடு பள்ளம், அவ்வளவுதான். அப்பா இறந்த பிறகுதான் செஷல்ஸ் ரூபாய் விழுந்து, கோடு விறுவிறுவென்று ஏறுகிறது. ஒப்பந்தப்படி அம்மா அப்போது மாலத்தீவுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே அப்பா இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து காபி நேரம். பேங்க் ரேட் வேறு, வெளி ரேட் வேறு, டாலரே கிடைக்காது என்று முதலில் சமாளித்தாள். நான் விடவில்லை. ரேட் அசையவே இல்லை என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாமலா இருந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் தெரியும்டி" என்றாள். "மொத வருஷமே தெரியும், என் சம்பளம்தான் கம்மி. அவர் வான்னு சொல்லட்டும்னு நான் இருந்தேன். நான் வரட்டுமான்னு கேக்கட்டும்னு அவர் இருந்தாரோ என்னவோ. அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

பழகிப்போச்சாம். பதின்மூன்று டிசம்பர். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு கால்குலேட்டரை நடுவில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பேர் மேலும் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? கிரீன் கார்டு வரட்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது நான்தான்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணவரைக் கூப்பிட்டேன். ஷீட்டைப் பற்றி எதுவும் பேசாமல், "நாங்க அங்க வந்துடட்டுமா?" என்று கேட்டேன்.

தடுமாறினார். உன் வேலை என்னாகும் என்றார். ஸ்கூல் இயர் நடுவில் வேண்டாம் என்றார். பிறகு, "ஹோம் லோன் ரேட் இப்ப ரொம்ப ஹையா இருக்கு. ஒரு வருஷம் வெய்ட் பண்ணிப் பாக்கலாமே" என்றார்.

"நான் ரேட்டைக் கேக்கல" என்றேன். "வரட்டுமான்னு கேட்டேன்."

மேஜையில் மகள் கிராஃபுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தெரியலம்மா" என்றார் அவர் போனில், கடைசியில்.

பதின்மூன்று டிசம்பர் அம்மா கேட்கப் பயந்த பதில் எனக்கு ஒரே போனில் கிடைத்துவிட்டது.