கை காயுமுன்னே

ஸக்கியா டீச்சர் சஹனில் உட்கார மாட்டாள். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கலியாண வீட்டில் சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து, பிஸ்மி சொல்லி ஒன்றாகக் கை வைப்பதுதானே எங்கள் வழக்கம்? ஆறு பேர் நிரம்பும்வரை ஒருவரும் தொடக் கூடாது. அந்த நேரம் பார்த்து இவள் குசினிப் பக்கம், அடுப்படிக்கு நழுவிவிடுவாள். “படிச்ச எடுப்பு” என்பார்கள் சிலர். “சுத்தம் பார்க்குறா” என்பார்கள் வேறு சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது!

எடுப்புமில்லை, சுத்தமுமில்லை. தொண்ணூறில், சண்டைக்குள் விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்து அகதி முகாமுக்கு வந்த குடும்பம் அவளுடையது. புத்தளத்து ஆட்களைக் குறை சொல்லவும் கூடாது. கிணற்றையும் தந்தார்கள், பள்ளிக்கூடத்தையும் தந்தார்கள். ஆனால் ஒரு கலியாண வீட்டில், கையைக் கழுவிக்கொண்டு ஐந்து பேர் இருந்த சஹனுக்கு ஓடிவந்த சின்ன ஸக்கியாவை ஒரு மனிசி மறித்தாள். “இது எங்கட ஆக்களுக்கு, மகள். முகாம் புள்ளைகளுக்குப் பிறகு போடுவாங்க.” கழுவிய கையால் எதையும் தொடக் கூடாதென்று உம்மா சொல்லியிருந்தாள். அதனால் அவள் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். நின்ற நிலையிலேயே கை காய்ந்துபோனது. பசியை மறந்துவிட்டாள், அந்தக் காய்ந்த கையை இன்றுவரை மறக்கவில்லை.

சண்டை முடிந்து சொந்தக்காரர் பலர் மன்னாருக்குத் திரும்பிய பிறகும் அவள் போகவில்லை. மாம்புரிக்குப் போகும் வழியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவே தென்னை நிழலில் அவளுடைய பாலர் நேசரி. சோளகக் காற்று வீசும் நாட்களில் அங்கே இருந்தால் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று பிடிபடாது. தூரத்தில் காற்றாலைகள் அவசரமே இல்லாமல் சுற்றும். களப்பு வெளிச்சம் ஓலைகளுக்குள் புகுந்து பிள்ளைகளின் முகத்தில் ஆடும். அந்த வெளிச்சத்தில் மணல் சோறாகிவிடும், கொட்டான் இலை இறைச்சியாகிவிடும், சிப்பிக்குள் ஈரமண் வட்டிலப்பமாகிவிடும். “ஆனா ஆவன்னா எப்ப டீச்சர்?” என்று உம்மாமார் முணுமுணுப்பார்கள். “ஆனா எங்கயும் ஓடாது ராத்தா. மத்த ஆளைப் பார்க்குற கண்ணு இப்ப திறக்கல்லண்டா பிறகு திறக்காது” என்பாள் ஸக்கியா.

ஒரு வருடம் ஸுலைஹா அங்கே வந்து சேர்ந்தாள். நாலு வயதுப் பூஞ்சை. தாய் றிஸ்மினாவுக்குக் கடற்கரை மீன்வாடியில் கருவாடு காயவைக்கிற வேலை. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் பிள்ளையின் சட்டையில் கருவாட்டு வாடை நிற்கும். கடைக்காரர் மகன் அர்கம் மூக்கைப் பொத்துவான். அவன் பொத்தினால் எல்லாரும் பொத்துவார்கள். ஸுலைஹா வாசற் படலையடியில் நின்று அழுவாள். “இண்டைக்கும் அழுதா நாளைக்கு அனுப்ப மாட்டேன் டீச்சர். வாடியிலேயே என்னோட கிடக்கட்டும்” என்று றிஸ்மினா சொல்லிவிட்டுப் போனாள்.

திட்டிப் பார்க்கலாம், திட்டினால் மூக்கிலிருந்து கை இறங்கும், மனசு இறங்குமா? அன்று ஸக்கியா கலியாண விளையாட்டு வைத்தாள். தட்டுகளில் மணற்சோறு குவிந்தது. மற்றச் சஹன்கள் நிரம்பின, அர்கமின் சஹனில் மட்டும் நாலு பேர். ஸுலைஹாவைக் கூப்பிடுவார்களென்று ஸக்கியா காத்திருந்தாள். கள்ளப்பயல் அர்கம் ஓடிப்போய் நேசரிப் பொம்மையைத் தூக்கிவந்து வைத்தான்.

“அஞ்சு பேர் டீச்சர்!”

“இன்னும் ஒரு ஆள் வேணுமே. பொம்மைக்கு வலது கையும் இல்ல. பாவம், எப்படித் தின்னும்?”

நாலு பேரும் பொம்மையைப் பார்த்தார்கள். இடது கையால் சாப்பிடுவது மரியாதையில்லை என்று அவர்களுக்கும் தெரியும். அதற்குள் படலையடியிலிருந்து ஸுலைஹா மெல்ல வந்தாள். யாரையும் கேட்கவில்லை. பொம்மைக்குப் பக்கத்தில் குந்தி, “பசிக்குதா தங்கம்?” என்று சொல்லி ஒரு பிடி மணலை அதன் வாயருகே கொண்டுபோனாள். ஊதி ஆறவைத்து வேறு!

அர்கம் பொம்மையின் வாயையும் அவள் வாயையும் பார்த்தான். “நீயும் தின்னு. உனக்கும் பசிக்கும்தானே” என்றான். ஆறு பேர் ஆயிற்று.

அன்று முழுக்கச் சிரிப்புத்தான். ஆனால் வீட்டுக்குப் போகிற நேரம், காற்று இந்தப் பக்கம் திரும்ப, அர்கமின் கை பழக்கதோஷத்தில் மூக்குக்குப் போனது. ஸுலைஹாவின் முகம் வாடியதை றிஸ்மினா படலையில் நின்று கண்டாள். “போதும் டீச்சர்” என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிள்ளையின் கக்கத்தில் பொம்மையும் போனது.

அடுத்த நாள் காலை பிள்ளைகள் தாங்களாகவே சஹன் வைத்தார்கள். மற்றவர்கள் தின்னத் தொடங்கினார்கள். அர்கமும் அவன் கூட்டமும் கையைக் கழுவி, தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

“தொடங்குங்க” என்றாள் ஸக்கியா.

“ஏலா. ஸுலைஹா வரல்ல” என்றான் அர்கம்.

வருவாளா? ஸக்கியா பாதையைப் பார்ப்பதும் அந்தக் கைகளைப் பார்ப்பதுமாக நின்றாள். கைகளில் நீர் வற்றிக்கொண்டு வந்தது. அல்லாஹ்வே, கொண்டுவந்து விடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

றிஸ்மினா வந்தாள். ஒரு கையில் பொம்மை, மறு கையில் மகள். “இதைத் தந்துட்டுப் போக வந்தேன். நாளைக்குக் களவெண்டு ஒரு கதை வரும்.”

அதைச் சொல்லி முடிக்கவில்லை, அர்கம் கத்தினான்: “ஸுலைஹா, கெதியா வா! கை காயுது!”

றிஸ்மினா ஈரக் கைகளைப் பார்த்தாள். “யாருக்கு இந்தப் புள்ளைகள் பார்த்திருக்குது?”

“உங்கட மகளுக்குத்தான்” என்றாள் ஸக்கியா.

றிஸ்மினா முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு பிள்ளையின் கையை விட்டாள். ஸுலைஹா ஓடிப்போய் உட்கார்ந்தாள். பொம்மையை மட்டும் மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். “பொம்மைக்கு இண்டைக்கு நோன்பு” என்றாள்.

“அப்ப ஒரு ஆள் குறையுதே!” அர்கம் நிமிர்ந்து பார்த்தான். “டீச்சர், நீங்க வாங்க.”

ஸக்கியாவின் கால் குசினிப் பக்கம்தான் திரும்பியது. ஆனால் ஸுலைஹா எழுந்து, கோப்பையில் தண்ணீரோடு முன்னால் வந்து நின்றாள். “கையை நீட்டுங்க டீச்சர்.” நீட்டினாள். தண்ணீர் குளிர்ந்தது. இடம் விட்டு ஒதுங்கினார்கள். பிஸ்மி சொல்லி ஆறு கைகளும் ஒன்றாக மணலில் இறங்கின.

“டீச்சர் ஏன் அழுற?” என்றான் அர்கம்.

“இறைச்சி உறைப்பு, மகன்.”

ஸுலைஹா சிப்பி வட்டிலப்பத்தை அவள் பக்கம் தள்ளினாள். “இதைத் தின்னுங்க. இனிப்பு.”