பழைய பேனரில் தைத்த கூரைகள்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ராமநாதபுரத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் வேலை பார்த்தார். பிறகு சவுதிக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் எங்களுக்குள் இருந்ததெல்லாம் போன்தான். அதிலும் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். பிள்ளைகள் படிக்கிறார்களா, படிக்கிறார்கள். வைத்துவிடுவோம்.

அந்த வருடம் வந்த புயல் கரையைக் கடந்தது வேறெங்கோ. எங்கள் பக்கம் வெறும் காற்றும் மழையும்தான் என்றார்கள். அந்தக் காற்றே போதுமானதாக இருந்தது. எனக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் அக்கா, கூடை இல்லாமல் வந்து நின்றார். காரங்காட்டுப் பக்கம் அவர்கள் குடியிருப்பில் ஓலைக் கூரைகள் பறந்துவிட்டனவாம்.

"செவரு நிக்குது. மேல வானந்தான்," என்றார். கடைகளில் தார்ப்பாய் தீர்ந்து போயிருந்தது.

நான் ஜாக்கெட் தைப்பவள். தெருமுனையில் பேனர் அச்சடிக்கும் கடையின் பின்னால், அவிழ்த்து இறக்கிய பேனர்கள் குவிந்து கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. கேட்டதும், "அள்ளிட்டுப் போங்க, எனக்கு எடம் மிச்சம்," என்றார் கடைக்காரர். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கப் பார்த்தேன். மெஷினில் நகரவில்லை. ஊசி ஒடிந்தது. மாற்றிப் போட்டேன், அதுவும் ஒடிந்தது.

அன்று மதியம் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டபோது வழக்கமான கேள்விகளுக்கு முன்பே சொன்னேன்.

"மச்சான், ஃபிளெக்ஸு மெஷின்ல ஓட மாட்டேங்குது."

"கேமராவத் திருப்பு, பார்ப்போம்," என்றார்.

போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன்.

"பதினெட்டாம் நம்பர் ஊசி போடு. மேல பவுடரத் தடவிக்க, வழுக்கிட்டு ஓடும். ஓரத்த அப்படியே தைக்காத புள்ள. கயித்த உள்ள வச்சு மடிச்சுத் தை. காத்து மொதல்ல ஓரத்தத்தான் பிடிக்கும்."

மூலையில் துளை போட்டால் கிழிந்துவிடுமே என்றேன். கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ரப்பர் செருப்புகளைப் பொறுக்கி, வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் வைத்துக் கோணி ஊசியால் தைக்கச் சொன்னார்.

அந்த வாரம் முழுதும் அப்படியே போனது. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் கூப்பிடுவார். நான் தைப்பேன், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பல நேரம் பேச்சே இருக்காது. மெஷின் நின்றால் மட்டும் "என்ன ஆச்சு?" என்பார். ஒரு நாள், "கத்திரிய இப்படிப் பிடி," என்று என் கையைத் திருத்துவதுபோலத் தன் கையை நீட்டிவிட்டார். நீட்டிய கையைத் தானே பார்த்து, மெதுவாக இழுத்துக்கொண்டார். நான் கவனிக்காதவள்போலத் தையலைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் கடல் கடந்து போன பிறகு அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்திருந்ததே இல்லை.

முதலில் முடிந்த விரிப்பை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூரைக் கம்புகள் மேல் விரித்து, காற்று தூக்காமல் இருக்க, கழித்துப் போட்ட நைலான் வலையை அதன்மேல் போர்த்தினார்கள். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கயிற்றை இழுத்தார்கள்.

"அங்கன இல்ல, இங்கன இழு."

"இழுத்துக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க முடிச்சப் போடுங்க."

அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான்தான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கயிற்றின் அந்த முனையில் ஒருவர், இந்த முனையில் ஒருவர். எனக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். போனில் எல்லாவற்றையும் அவருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"உள்ள போய்ப் பாரு. எங்கயாச்சும் வெளிச்சம் தெரியுதா?"

உள்ளே போனேன். தலைக்கு மேல் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல மச்சான்."

"அப்ப ஒழுகாது. அல்ஹம்துலில்லாஹ்."

"நீங்க எப்ப வாரீங்க?" கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"இந்த வருஷம் லீவு கெடைக்காது போல புள்ள," என்றார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் குடியிருப்பில் கூரை இழந்த எல்லா வீடுகளுக்கும் தைத்துக் கொடுத்தோம். அடுத்து வந்த காற்றில் ஒன்றும் பறக்கவில்லை என்று சொல்லி, அக்கா ஒரு கூறு நகரை மீன் வைத்துவிட்டுப் போனார்.

இப்போதும் ஐப்பசி நெருங்கினால் யாராவது பேனரைச் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். என் கைக்கு எல்லாம் பழகிவிட்டது. ஆனாலும் மதியம் அவர் கூப்பிடும்போது, எதையாவது தெரியாததுபோலக் கேட்கிறேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவசரப்படாமல், முதலிலிருந்து சொல்லித் தருகிறார்.